கொஞ்சம் பொறுங்கள், அவரே செய்யட்டும்

பக்கவாதம் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு,



ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது உங்கள் கையில் ஒரு ஃபைல் கொடுத்திருப்பார்கள். ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, மறுபடி வரவேண்டிய தேதி, உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு குறிப்பு, கடைசியில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று ஒரு வரி. மறுநாள் பொழுது விடிகிறது. அவர் பல் துலக்க வேண்டும். கழிப்பறைக்குப் போக வேண்டும். குளிக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், இட்லியைப் பிட்டு வாயில் வைக்க வேண்டும். ஒரு கையும் ஒரு காலும் வராத மனிதர் இதையெல்லாம் எப்படிச் செய்வார் என்று அந்த ஃபைலில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அதைச் சொல்லித்தரவென்றே ஒரு தொழில் இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். நான் அந்தத் தொழிலில் இருப்பவள்.

எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களில் பலர், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறவர்கள் என்று மட்டும் அறிந்திருக்கிறார்கள். அதுவும் எங்கள் வேலைதான். ஆனால் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர், தீக்காயத்தால் கை சுருங்கியவர், முடக்குவாதத்தில் விரல் கோணியவர், மனநோயிலிருந்து மீண்டு மறுபடி வேலைக்குப் போக நினைப்பவர், ஞாபகம் தப்பும் முதியவர் என்று எங்களிடம் வருவோர் பலர். யார் வந்தாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: இன்றைக்கு எதைச் செய்ய முடியாமல் தவிக்கிறீர்கள்? பிசியோதெரபிஸ்டின் கவனம் தசையின் வலுவிலும் மூட்டின் அசைவிலும் நடையிலும் கூடுதலாக இருக்கும். அந்த வலுவை வைத்துச் சட்டையைப் போடுவது, சாதத்தைப் பிசைவது, சாவியைத் திருப்புவது, கடைக்குப் போய்ச் சில்லறையை எண்ணி வாங்குவது எல்லாம் எங்கள் பக்கம் வரும். வலு இன்னும் திரும்பாதவருக்கு, இருக்கிற ஒரு கையால் அதே வேலையைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்துத் தருவதும் எங்கள் பொறுப்பு.

இந்த மடலை எழுதக் காரணம், உங்களில் பலர் பெருமையாகச் சொல்லும் ஒரு வாக்கியம். "அப்பாவுக்கு நாங்க ஒரு குறையும் வைக்கல மேடம். ஒரு டம்ளர் தண்ணியக்கூட அவர எடுக்க விடுறதில்ல." சொல்பவரின் கண்ணில் தூக்கமின்மை தெரியும். அவருடைய பாசத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்த டம்ளரை எடுப்பதுதான் அவருக்கு மருந்து. அதை நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

இது என் சொந்த அபிப்பிராயம் அல்ல. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளை வைத்து ஆய்வு செய்தார். ஒரு கையின் உணர்ச்சி நரம்பை அறுத்துவிட்டால் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதையே விட்டுவிடுகிறது. ஆரம்பத்தில் முயன்று பார்க்கிறது, சரிவராமல் போகிறது, மற்றொரு கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிடுகிறது. நல்ல கையைக் கட்டிவைத்தபோதோ, விட்டுவிட்ட கை மறுபடி வேலைக்கு வந்தது. அதாவது, பயன்படுத்தாமல் இருப்பதையும் மூளை கற்றுக்கொள்கிறது என்றார் டாப். மனிதர்களிடம் இதைச் சோதித்த பெரிய ஆய்வு 2006-இல் வெளியானது. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் நல்ல கைக்கு ஒரு தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டார்கள். பலவீனமான கைக்குத் தினமும் மணிக்கணக்கில் பயிற்சி நடந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட அவர்களுடைய கை நன்றாக மேம்பட்டது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது.

உடனே வீட்டில் நல்ல கையைக் கட்டிவிடாதீர்கள். அந்தப் பயிற்சிக்கு மணிக்கட்டும் விரல்களும் ஓரளவாவது நிமிர வேண்டும். பிடிமானம் இல்லாமல் விழுந்துவிடாத அளவுக்கு உடலில் சமநிலை வேண்டும். யாருக்குப் பொருந்தும் என்று சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நான் இதை இங்கே சொல்வது வேறொன்றுக்காக. அந்தக் குரங்குக்கு இன்னொரு கை இருந்ததால் உணர்விழந்த கையை மறந்தது. உங்கள் வீட்டில் அந்த இன்னொரு கை நீங்கள்தான்.

எங்கள் துறையில் நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஓர் அளவுகோல் உண்டு. 1965-இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் ஃப்ளோரன்ஸ் மஹோனி, டொரத்தியா பார்தெல் என்ற இரண்டு பெண்கள் வெளியிட்டது. பத்தே விஷயங்கள்: சாப்பிடுவது, குளிப்பது, முகம் கழுவித் தலைவாருவது, உடுத்துவது, மலம் அடக்குவது, சிறுநீர் அடக்குவது, கழிப்பறையைப் பயன்படுத்துவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படி ஏறுவது. மொத்தம் 100 மதிப்பெண். ஸ்கேனில் தெரியும் அடைப்பின் அளவுக்கு இதில் இடமில்லை. ஒருவர் எதைச் செய்ய வல்லவர் என்று பார்த்துப் போடும் மதிப்பெண்ணும் அல்ல. தினமும் எதை உண்மையில் செய்கிறார் என்பதற்குத்தான் மதிப்பெண். தானே சட்டை போடத் தெரிந்தவருக்கு மகன் தினமும் போட்டுவிட்டால், அந்த வரியில் அவருக்கு மதிப்பெண் குறையும். அதை நோய் குறைக்கவில்லை. வீடு குறைத்தது அது.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது பொறுமையை. சட்டை போட அவருக்கு இருபது நிமிடம் ஆகட்டும். பள்ளிக்கூட வேன் வரும் நேரத்தில், குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் இருபது நிமிடம் நிற்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் காலையில் நீங்களே போட்டுவிடுங்கள். சாயங்காலம் துணி மாற்றும்போது அவரை விடுங்கள். நாளுக்கு ஒரு வேலையாவது முழுக்க அவருடையதாக இருக்க வேண்டும். தடுமாறும்போது முழு வேலையையும் பிடுங்கிக்கொள்ளாமல், சிக்கிய இடத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். பொத்தான் காஜாவில் நுழையவில்லை என்றால் அந்தப் பொத்தானை மட்டும் நுழைத்துவிடுங்கள். அடுத்ததை அவர் பார்த்துக்கொள்வார்.

சில வேலைகளுக்கு எளிய முறைகள் உண்டு. உடுத்தும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இந்த வரிசை ஒன்று பிடிபட்டாலே பாதி சண்டை தீரும். ரவிக்கையின் கொக்கியை எடுத்துவிட்டு வெல்க்ரோ வைத்துத் தைத்தால் அம்மாவுக்கு ஒரு கையே போதும். வேட்டியும் லுங்கியும் அவிழ்ந்துவிடும் என்று வெளியே வரக் கூச்சப்படும் ஐயாவுக்கு, இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த லுங்கி போதும். வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் ஒரு எச்சரிக்கை. பக்கவாதம் வந்த சிலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். உணவு நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. விழுங்கும் திறனைச் சோதித்து, சாப்பிடலாம் என்று சொன்ன பிறகே மற்றதெல்லாம். சரி என்றால் படுத்தபடி ஊட்டாமல், நிமிர்ந்து உட்காரவைத்துத் தட்டை அவர் முன்னால் வையுங்கள். தட்டுக்கு அடியில் ஈரத்துணியை விரித்தால் நகராது. தட்டையான தட்டுக்குப் பதில் விளிம்பு உயர்ந்த தட்டு இருந்தால் சாதம் வெளியே சிந்தாமல் ஸ்பூனில் ஏறும். ஸ்பூனின் காம்பில் துணியைச் சுற்றித் தடிப்பாக்கினால் பிடி நழுவாது. வலது கை வராதவர் இடது கையால் சாப்பிடும் நிலை வந்தால் நம் வீடுகளில் சங்கடம் எழும். பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள், விருந்தாளி பார்ப்பார் என்று தனியறையில் ஊட்டிவிடத் தோன்றும். வேண்டாம். ஸ்பூனை இடது கையில் கொடுத்து, வலது கையைத் தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும்படி மேஜைமேல் எடுத்து வையுங்கள். அந்தக் கை வேலை செய்யாவிட்டாலும் வேலை நடக்கும் இடத்தில் இருக்கட்டும். எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

குளியலறையில் நான் பயப்படுவது ஈரத் தரைக்குத்தான். அங்கே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் இதுவரை பட்ட பாடெல்லாம் போய்விடும். கால் வழுக்காத, அசையாத நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும். வாளியைத் தரையில் வைக்காமல் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள், குனிந்தால் தலைசுற்றலாம். சோப்பை ஒரு சிறு துணிப்பையில் போட்டு முடிந்துவைத்தால் கைநழுவி ஓடாது. துவாலையின் இரு முனையிலும் நாடாவால் ஒரு வளையம் தைத்துவிட்டால் ஒரு கையாலேயே முதுகைத் துடைக்கலாம். சுவரில் கைப்பிடி பொருத்துவதென்றால் அவரை உட்காரவைத்து, எழச் சொல்லி, நல்ல கை இயல்பாக எங்கே போகிறது என்று பார்த்து அங்கே துளை போடச் சொல்லுங்கள். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டுத் திரை போடுங்கள்; மானமும் காக்கும், அவசரத்துக்கு நீங்கள் உள்ளே போகவும் முடியும். குந்தி உட்காரும் கழிப்பறைதான் இருக்கிறது என்றால் அதன்மேல் வைக்கும் கமோடு ஸ்டூல் கிடைக்கிறது. குளியலறையை இடித்துக் கட்டும் செலவு தேவையில்லை.

கட்டிலையும் பாருங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை வைத்து உயர்த்தலாம். அவரை எழுப்பும்போது வராத கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு இறங்கிவிடும். பிறகு வரும் தோள்வலி எந்தப் பயிற்சியையும் செய்யவிடாது. உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கை தொங்காமல் தலையணைமேல் இருக்கட்டும். இன்னொன்று, எல்லாரும் வாங்கிக்கொடுக்கும் ரப்பர் பந்து. பலருக்கு மூடுவது எளிது, விரலைத் திறப்பதுதான் வராது. இறுகி மடங்கத் தொடங்கிய கையில் பந்தைத் திணித்து நாள் முழுக்க அமுக்கச் சொல்வது எல்லாருக்கும் பொருந்தாது. கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வாதம் குணமாகப் புறா ரத்தம் தடவச் சொல்லும் உறவினர் உங்களுக்கும் வாய்த்திருப்பார். அவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கைகால் பலவீனம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதவைதான் வீட்டில் மனக்கசப்பை உண்டாக்குகின்றன. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும். பார்வை இருக்கும், கவனம் போகாது. தட்டின் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு "பொரியலே வைக்கல" என்று மருமகளைத் திட்டுவார். பொரியல் இடது ஓரத்தில் அப்படியே இருக்கும். முகத்தின் ஒரு பாதியை மட்டும் சவரம் செய்வார். நிலைப்படியில் இடது தோள் இடிக்கும். வேண்டுமென்றே செய்கிறார், வயதானதும் குணம் மாறிவிட்டது என்று வீட்டில் பேச்சு வரும். மாறியது குணமல்ல, மூளையில் கவனம் செலுத்தும் ஏற்பாடு. தட்டின் இடது விளிம்பில் ஒரு சிவப்பு நாடாவை ஒட்டி, "நாடாவைத் தேடிப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள்" என்று பழக்கலாம். மெல்ல மெல்லத் தலை அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கும்.

இடப்பக்க மூளை பாதிக்கப்பட்ட சிலருக்கு வேறொரு சிக்கல். கையில் வலு இருக்கும். சீப்பைக் கொடுத்தால் என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பார், அல்லது பல் துலக்கப் பார்ப்பார். பேச்சும் தடைபட்டிருந்தால், புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவுகட்டிவிடுவார்கள். அந்த மனிதருக்கு நீங்கள் யார் என்று தெரியும், தன்னைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் புரியும், அவமானமும் புரியும். வேலையைச் சிறு சிறு படியாக உடைத்து, அவர் கைமேல் நம் கையை வைத்து, அதே இடத்தில் அதே நேரத்தில் அதே வரிசையில் தினமும் செய்யவைக்கிறோம். சொல்லிப் புரியவைப்பதைவிடக் கையோடு சேர்ந்து செய்வது அவருக்கு உதவும்.

மூன்றாவது, மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது. இதற்கு மாத்திரை உண்டு, மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அதோடு, காலையிலிருந்து இரவுவரை செய்வதற்கு ஒன்றுமே இல்லாத ஒருவர் எப்படி உற்சாகமாக இருப்பார் என்றும் யோசியுங்கள். மளிகைக் கடை வைத்திருந்தவரைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் கல்லாவில் உட்காரவைக்கலாம். நாணயத்தைப் பொறுக்கி எடுப்பதைவிட நல்ல விரல் பயிற்சியை நான் எந்த உபகரணத்திலும் கண்டதில்லை. நாற்பது வருடம் சமையலறையை ஆண்ட அம்மாவிடம் "இனி நீ ரெஸ்ட் எடு" என்பது உபசாரமாக உங்களுக்குத் தோன்றும். பதவி பறிபோனதாக அவர் உணர்வார். காய் நறுக்கும் பலகையில் துருப்பிடிக்காத இரண்டு ஆணிகளை முனை மேலே நிற்கும்படி அடித்துவிட்டால் உருளைக்கிழங்கை அதில் குத்தி நிறுத்தி ஒரு கையாலேயே தோல் சீவலாம், நறுக்கலாம். அடுப்புப் பக்கம் மட்டும் யாராவது கூட இருங்கள். உணர்ச்சி குறைந்த கை சுட்டாலும் தெரியாது.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கா, உண்மையில் பலன் உண்டா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். 2007-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. பக்கவாதத்துக்குப் பின் அன்றாடச் சொந்த வேலைகளை மையமாக வைத்து ஆக்குபேஷனல் தெரபி பெற்றவர்களும் பெறாதவர்களுமாக 1258 பேர். பெற்றவர்கள் தம் வேலைகளைத் தாமே செய்வதில் தேறியிருந்தார்கள். நிலை மோசமாகும் வாய்ப்பும் அவர்களிடம் குறைந்திருந்தது.

இன்னோர் ஆய்வையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அது நம் நாட்டில் நடந்தது. 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதியில், வீட்டில் எப்படிப் பயிற்சி தருவது என்று குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். முடிவு 2017-இல் லான்செட் இதழில் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்ந்தவர்களும் சேர்ந்து இரண்டு பக்கமும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. இதைப் படித்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது: தெரபிஸ்டின் பாரத்தைக் குடும்பத்தின் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் பலனை எதிர்பார்க்க முடியாது. உங்கள் வீட்டில் ஒருவர் எதிர்பார்த்த அளவுக்குத் தேறவில்லை என்றால் அதற்கு நீங்கள் சரியாகப் பார்க்காததுதான் காரணம் என்று யாரும் சொல்ல இடமில்லை. இந்த மடலைப் படிப்பதும் எங்களைப் போன்ற ஒருவரை நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது. நேரில் பார்க்கும் வாய்ப்பைக் கேட்டு வாங்குங்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

கேட்டு வாங்க வேண்டிய நிலை ஏன் இருக்கிறது என்றால், எங்கள் தொழில் இங்கே பழையது, ஆனால் பரவலாக அறியப்படாதது. 1917-இல் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஆறு பேர் கூடி இதற்கொரு சங்கம் தொடங்கினார்கள். அழைப்பு விடுத்த ஜார்ஜ் பார்டன் ஒரு கட்டடக் கலைஞர்; காசநோயும் காலில் அறுவைசிகிச்சையும் இடப்பக்கச் செயலிழப்புமாகப் படுத்துக் கிடந்து, தோட்டவேலையும் தச்சுவேலையும் செய்து தன்னைத் தேற்றிக்கொண்டவர். இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் பத்து நாடுகள் சேர்ந்து உலகச் சம்மேளனத்தை அமைத்தபோது இந்தியாவும் அந்தப் பத்தில் ஒன்று.

நம் மண்ணில் இந்த எண்ணத்துக்கு ஒரு முகம் உண்டென்றால் அது டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றியபோது 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன்பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். கையைச் சரிசெய்வதோடு வேலை முடிவதில்லை, அந்தக் கையால் நோயாளி மறுபடி பிழைக்க வேண்டும் என்று கண்டவர், மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையத்தைத் திறக்கக் காரணமானார். இன்றைக்கும் தமிழ்நாட்டில் எங்கள் தொழிலைக் கற்கும் பிள்ளைகள் பலர் அவர் பெயரைக் கேட்டுத்தான் படிப்பை முடிக்கிறார்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் 'மறுவாழ்வு மருத்துவத் துறை' எங்கே என்று கேளுங்கள். பெயரில் சிறு மாற்றம் இருக்கலாம். சென்னை கே.கே. நகரில் மறுவாழ்வுக்கென்றே ஓர் அரசு மருத்துவ நிலையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீடு தேடி பிசியோதெரபி வருகிறது. வருகிறவரிடம் அருகில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள். நிரந்தரக் குறைபாடு என்று மருத்துவர் கருதினால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பல சலுகைகளுக்கு வழி திறக்கும். வாதம் வந்ததற்கெல்லாம் மாற்றுத்திறனாளி அட்டையா என்று கௌரவம் பார்க்காதீர்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று வருகிறவர் உண்மையில் படித்தவர்தானா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. இது பட்டப்படிப்பு, சில வாரப் பயிற்சிச் சான்றிதழ் அல்ல. எங்கள் தொழிலைப் பதிவுமுறைக்குள் கொண்டுவரும் மத்திய சட்டமும் 2021-இல் வந்துவிட்டது.

இனி உங்களைப் பற்றி. பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். உங்கள் முதுகுவலியை யாரும் ஃபைலில் எழுதுவதில்லை. ஆளை இடுப்பில் ஏந்தித் தூக்குகிறீர்கள். உங்கள் முழங்காலை மடக்கி, அவர் உடலை முன்னால் சாய்த்து, அவர் காலில் இருக்கும் வலுவையும் சேர்த்து எழுப்பும் முறை இருக்கிறது. அதை உங்களுக்குக் கற்றுத்தருவதும் எங்கள் கடமை. கேளுங்கள், செய்துகாட்டச் சொல்லுங்கள், எங்கள் முன்னாலேயே நீங்களும் ஒருமுறை செய்துபாருங்கள். அவர் தானே செய்யும் ஒவ்வொரு வேலையும் உங்கள் தலையிலிருந்து இறங்கும் வேலை என்பதையும் மறக்க வேண்டாம். பொறுத்திருக்கச் சொல்வது அவருக்காக மட்டுமல்ல.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். கனடாவில் உருவாகி 1991-இல் வெளியான ஒரு முறையை எங்கள் துறையில் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். அதில் நோயாளியையே பேசவிடுவோம். தினசரி வாழ்க்கையில் எது முடியவில்லை, அது தனக்கு எவ்வளவு முக்கியம் என்று அவரே பத்துக்கு மதிப்பெண் போடுவார். முக்கியமான ஐந்தை எடுத்துக்கொண்டு, இப்போது அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறேன், அதில் எனக்கு எவ்வளவு திருப்தி என்றும் அவரே மதிப்பிடுவார். சிகிச்சை முடிந்து மறுபடி கேட்போம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். "என்னப்பா செய்யணும்னு ஆசை?" என்று கேளுங்கள். நடக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். கழிப்பறையில் யாரும் கூட வரக்கூடாது என்று அவர் சொல்லலாம், வெள்ளிக்கிழமை கோலம் போட வேண்டும் என்று அம்மா சொல்லலாம், டீக்கடைவரை தனியாகப் போக வேண்டும் என்று சொல்லலாம். பேச வராதவர் என்றால் பொருளையோ படத்தையோ காட்டிக் கேளுங்கள். சொன்னதைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். உங்களுக்கு எது முடியவில்லை என்று கீழே ஒரு வரி நீங்களும் எழுதுங்கள்.

அந்தத் தாளை ஃபைலின் மேல் வைத்து டாக்டரின் மேஜையில் நீட்டி, "இதற்கு யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். பல குடும்பங்கள் அப்படிக் கேட்கத் தொடங்கினால், வீட்டுக்கு அனுப்பும் ஃபைலில் 'பிசியோதெரபி தொடரவும்' என்பதற்குக் கீழே இன்னொரு வரியும் தானாக வந்துசேரும்.

அன்புடன்,
ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்